மவுஸ்ஸாக்கலைக்கு மேலே

வியாழன், ஹட்டன்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் முன்பதிவு கிடைப்பது இப்போது லொத்தர் விழுகிற மாதிரி. எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் புண்ணியத்தில், விற்பனை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டிக்கட் எல்லாம் யார் யார் கைக்கோ போய்விடுகிறது. போகட்டும் என்று மூன்றாம் வகுப்பில் ஏறினோம். கடுகண்ணாவ ஏற்றத்தின் அழகெல்லாம் அடுத்தவர் தோளுக்கு மேலேதான் தெரிந்தது. கம்பளையில் ஒரு குடும்பம் இறங்கியதும் அண்ணனுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கோத்தகிரியிலிருந்து வந்திருக்கிறார். 1982 இல், ஒன்பது வயதில், ஹட்டனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, அப்புறம் நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை. நானும் வத்தளையில் குடியேறி, அப்பா அம்மாவையும் அங்கேயே கூட்டிக்கொண்ட பிறகு தோட்டத்துப் பக்கம் போய் வருசக்கணக்காகிறது. "பொறந்த எடத்த ஒரு தடவ காட்டிடு பாப்பா, முட்டி நல்லா இருக்கிறப்பவே ஏறிடணும்" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த அண்ணன் தம்பி எப்படி இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள் என்று என் மகள் அடிக்கடி கேட்பாள். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றுப் போன சனத்தை 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரைப் பத்து வருசம் கழித்து சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா இந்தியக் கணக்கில் விழுந்தார், அப்பா இலங்கைக் கணக்கில். பெரியப்பாவும் கடைசி வரை போகலாமா வேண்டாமா என்று இழுத்தடித்தவர்தான். 1973, 74 பஞ்சத்தில் பாணுக்கும் மாவுக்கும் நின்ற வரிசைதான் அவர் மனதை மாற்றியது. முறை வந்தபோது 82 ஆகிவிட்டது.

நாவலப்பிட்டி தாண்டி வட்டவளையில் தேயிலை தெரிய ஆரம்பித்ததும் அண்ணனை எழுப்பினேன். வெளியே பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்ல. நாங்க போனது ராத்திரி" என்றார். அவருக்கு ஞாபகம் இருப்பது ஒரு தேயிலைப் பெட்டி. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைப் பெட்டியில் சட்டி பானை எல்லாவற்றையும் அடுக்கி, மூடியில் நீல பெயின்டால் பெரியப்பா பெயரையும் மண்டபம் என்றும் எழுதியிருந்தார்களாம். பெயின்ட் காயாமல் அண்ணன் சட்டையில் ஒட்டிக்கொண்டு, அந்தச் சட்டையோடே இந்தியா போய்ச் சேர்ந்திருக்கிறார். ஸ்டேசனில் ஆட்கள் ஒப்பாரி வைத்து அழுதபோது, சட்டை போன கவலையில் தானும் அழுததாகச் சொன்னார்.

ஹட்டன் ஸ்டேசன் அவ்வளவாக மாறவில்லை. 1884 இல் ரயில் வந்து நின்ற இடம், இன்றும் ஏறக்குறைய அதே மேடை, அதே குளிர். வெளியே வந்தால்தான் தலை சுற்றுகிறது. மல்லியப்பு சந்தியிலிருந்து மாணிக்கப் பிள்ளையார் கோயில் பக்கம் வரை கடைக்கு மேல் கடை, அதற்கு மேல் டியூசன் வகுப்பு. சுவருக்குச் சுவர் உயர்தர வகுப்பு ஆசிரியர்களின் படம் போட்ட பேனர்; சினிமாப் போஸ்டர் ஒட்டிய இடத்தையெல்லாம் பௌதிகவியலும் கணக்கியலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஓ.எல். பரீட்சை பாஸ் என்றால் ஊரே பேசும். இந்த பேனர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோசம். ஊரின் அழகு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், கெட்டுப் போகட்டும் என்பேன்.

சிவனொளிபாதமலை சீசன் என்பதால் விடுதிக்காரர் கேட்ட வாடகை பகல் கொள்ளை. கொடுத்தோம், வேறு வழி?

வெள்ளி, மஸ்கெலியா

காலை பஸ். டிக்கோயா, நோர்வுட் வழி. டிக்கோயாவில் கிளங்கன் வைத்தியசாலைப் புதுக் கட்டடத்தைக் காட்டினேன். இந்தியா கட்டிக் கொடுத்தது, 2017 மே மாதம் மோடி வந்து திறந்தார், அன்றைக்கு நோர்வுட் மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். "எங்க ஊருக்கு அவர் வந்ததில்ல, இங்க வந்திருக்காரு பாரேன்" என்றார் அண்ணன்.

பங்குனி வெயிலில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கரையெல்லாம் வெடித்த செம்மண் படி. நடுவில், எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில், பழைய மஸ்கெலியா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அறுபதுகளின் கடைசியில் அணைக்கட்டு வந்தபோது டவுனை அப்படியே மேட்டுக்கு மாற்றிவிட்டு, பழையதை மூழ்கவிட்டார்கள். தண்ணீர் வற்றுகிற வருசங்களில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே வரும். சனம் இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வரும். இன்றைக்கும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் ஐஸ்கிரீம் வண்டியையே உள்ளே இறக்கிவிட்டான்.

நாங்களும் இறங்கினோம். சேறு காய்ந்து மேலே ஓடு கட்டியிருக்கிறது, கால் வைத்தால் உள்ளே கொளகொளவென்று இறங்குகிறது. கோயில் என்று நிற்பது சுவரும் தூணும் மட்டும். தூணில் பாசி காய்ந்து பொருக்காக உரிகிறது. உரிந்த இடத்தில் காவி நிறம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. யாரோ அங்கே ஒரு சூடத்தட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டிருந்தார்கள்.

சின்ன வயதில் அப்பாவோடு டவுனுக்கு வந்தால் பெரிய தொல்லை. கரையில் நின்று வெறும் தண்ணீரைக் காட்டி, "அதோ அங்கதான் துணிக்கடை, அதுக்குப் பக்கத்துல சலூன், அந்தா அந்த மூலையில பஸ் நிக்கும்" என்று தொடங்கிவிடுவார். எனக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. கடலை வாங்கித் தரும் வரைக்கும் தலையை ஆட்டுவேன். அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருந்தது.

டவுனில் சோறு சாப்பிட்ட கடையின் முதலாளி, கடை மாறியபோது சின்னப் பையனாம். அவருடைய தகப்பனார் கதவு நிலைகளைக் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு மேட்டுக்கு வந்தாராம். இப்போதைய கடையின் பின் வாசல் நிலை அதுதான் என்று தட்டிக் காட்டினார். நல்ல கெட்டி மரம். "தண்ணி எங்களுது, கரண்ட் கொழும்புக்கு" என்று சிரித்தார். தண்ணீரும் கொழும்புக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. மஸ்கெலி ஓயா கேகல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, கடைசியில் கொழும்புக்காரரின் குழாயில் வந்து விழுகிறது. மீன் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்ததால் வாயை அதற்கே கொடுத்தேன்.

மேலே வரும்போது ஏழு கன்னி மலையை அண்ணன் தேடினார். 1974 டிசம்பரில் மக்காவுக்குப் போகும் இந்தோனேசிய யாத்திரீகர்களோடு வந்த விமானம் அதில் மோதி 191 பேரும் இறந்துபோனார்கள். பெரியப்பா மறுநாள் காலையில் மலையேறிப் போனவர்களில் ஒருவர். கோத்தகிரியில் குடித்துவிட்டு வந்தால் அந்தக் கதையை மட்டும்தான் சொல்வாராம், அதுவும் பாதியில் நிறுத்திவிடுவாராம். மேகம் மூடியிருந்ததால் மலை தெரியவில்லை. ஓட்டோக்காரர் நிறுத்திப் பார்த்துவிட்டு, நேரமாகுது என்றார்.

இருட்டும் நேரத்தில் தோட்டம். சின்னம்மா லயத்து முனையில் டோர்ச் லைட்டோடு நின்றார். அண்ணனைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "ஒங்கப்பன் மாதிரியே வழுக்க விழுந்திருச்சே. வா, காலக் கழுவு."

சனி, தோட்டம்

லயத்துக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), அவ்வளவுதான். சின்னம்மா வீடு தொங்கல் (கடைசி) காம்பரா என்பதால் பக்கவாட்டில் தகரத்தை இறக்கி ஒரு குசினியும் ஒரு படிக்கிற அறையும் எடுத்திருக்கிறார். சீமெந்துத் தரைக்குச் சிவப்புப் பூச்சு, டிவி, பிரிட்ஜ், கூரைமேல் டிஷ். சுவர் மட்டும் வெள்ளைக்காரன் கட்டிய அதே கருங்கல். மேலே தகரம் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும். பேத்தி உயர்தரம் படிக்கிறாள், உயிரியல். அவளுடைய மேசைக்கு மேலே தவளையின் உள்ளுறுப்புப் படம், அதற்குப் பக்கத்தில் முனியாண்டி படம்.

எங்கள் காம்பரா நடுவில். இப்போது வேறு குடும்பம். அந்தப் பெண் கூப்பிட்டு உள்ளே காட்டினாள். அடுப்பு இருந்த மூலையைத் தவிர எனக்கு எதுவுமே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு இடத்தில் நாங்கள் எத்தனை பேர் படுத்தோம் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, கணக்கு ஒத்துவராமல் வெளியே வந்துவிட்டேன்.

விடிவதற்கு முன் வேலைக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடிக்கிற பழக்கம் போய்விட்டது. எந்த மலை என்று கங்காணி முதல் நாள் ராத்திரியே போனில் சொல்லிவிடுகிறார். சின்னம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, தோட்டப் பதிவில் பேர் வெட்டியாயிற்று. ஆனாலும் கைக்காசுக்குப் போகிறார். ரொட்டி தட்டிக்கொண்டே, "நீங்களும் வாங்களேன், சும்மா உக்காந்து என்னா செய்யப் போறீங்க" என்றார். அவருடைய தேங்காய் ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மாவைப் பிசைந்து உருட்டி, வாழையிலையில் வைத்து உள்ளங்கையால் தட்டுவார். விரல் நுனி விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து தடிப்பைச் சமமாக்கும். இரும்புத் தட்டில் ஒரு பக்கம் வெந்ததும் எடுத்து நேரே நெருப்புத் தணலில் நிறுத்தி வைப்பார், விளிம்பு கருகுகிற வரைக்கும். அதற்குக் கட்டச் சம்பல், இஞ்சி போட்ட பிளேன்டி. கோத்தகிரியில் தன் அம்மாவும் ரொட்டி சுடுவார்தான், ஆனால் கேஸ் அடுப்பில் இந்தக் கருகல் வராது என்று அண்ணன் மூன்றாவதையும் கேட்டு வாங்கினார்.

இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கயிறு, முதுகில் கூடைக்குப் பதிலாக நைலோன் பை. மலையேறும் வழியில் அண்ணன் செடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவரும் வாழ்நாள் முழுக்கத் தேயிலையில் வேலை செய்தவர். ஓரிடத்தில் குனிந்து அடிமரத்தைப் பிடித்துப் பார்த்து, "இது நூறு வயசுச் செடி. கவ்வாத்து வெட்டி எவ்வளவு நாளாச்சு சின்னம்மா?" என்றார். அவருக்கும் தெரியவில்லை. அந்த வளைவுக்கு மேலே தேயிலையே இல்லை. இருக்கிறது, ஆனால் மரமாகிவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூப் பூத்து, காய் விழுந்து, இடையில் மானாப் புல்லும் லந்தானாவும் புகுந்து, உள்ளே போகவே முடியாது. சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது, குளவிக் கூடு வேறு என்கிறார்கள். எழுபதுகளில் அரசாங்கம் எடுத்து, 1992 இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்த பிறகு, ஆளும் குறைய, ஓரத்து மலைகளைக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அந்தக் காட்டுக்குள்தான் எங்கள் பீலிக்கரை, தண்ணீர் பிடித்துத் துணி துவைக்கும் இடம், இருந்தது. "அந்தா அந்த மரத்துக்குக் கீழ, அங்கதான் பீலி, அதுக்கு மேல பெரிய கல்லு, அம்மா அதுலதான் சேலைய அடிச்சுத் துவைப்பாங்க" என்று நான் பேத்திக்குக் காட்டினேன். அவள் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். அண்ணன், பீலி அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்றார். இருவரும் கொஞ்ச நேரம் சண்டை பிடித்தோம். சின்னம்மா தீர்ப்புச் சொல்லவில்லை, அவருக்கு நிறை நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

நிறுவை இப்போது எலக்ட்ரோனிக் தராசு. எண் பளிச்சென்று வருகிறது. வந்த பிறகு பைக்கு, ஈரத்துக்கு என்று வாயாலேயே கழிக்கிறார்கள். பேருக்கு, அதாவது நாள் சம்பளத்துக்கு, வேலை செய்கிறவர்கள் இந்தத் தோட்டத்தில் இருபது கிலோ போட்டால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சின்னம்மாவுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு. பக்கத்தில் நின்ற பெண்ணுக்குப் பத்தொன்பது சொச்சம் விழுந்தது. கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்த்தாள். அவர் நல்ல மனுசன் போல, இருபது என்று எழுதிவிட்டார். மழைக் காலத்தில் சரி, இந்த வெயிலில் கொழுந்து எங்கே இருக்கிறது? நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு எத்தனையோ வருசம் ரோட்டில் நின்று, 2021 இல் அது வர்த்தமானியில் வந்தது. 2024 இல் 1,350 ஆயிற்று. "கேட்டப்ப ஆயிரத்துக்கு மதிப்பு இருந்துச்சு, கெடச்சப்ப இல்ல" என்கிறார் சின்னம்மா. அதற்கு மேல் இதில் நான் எழுத ஒன்றுமில்லை.

திரும்பும்போது துரை பங்களா வழி வந்தோம். அது இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல். ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டதும் அண்ணன் தன் போனில் இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தார், பிறகு இன்னொரு தடவை மாற்றிப் பார்த்தார். அந்தக் காலத்தில் இந்த ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு போனால் ஏச்சு விழும். கேட்டில் நின்ற காவலாளி, தோட்டத்தின் மேல் கணக்குப் (மேல் பிரிவுப்) பையன். சின்னம்மாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, "ஆள் இல்லாத நேரம், தோட்டத்தப் பாத்துட்டு வாங்க ஆச்சி" என்று திறந்துவிட்டான். ரோஜாப் பாத்தியும் புல்வெளியும் பார்த்தோம். சின்னம்மா, "இவ்வளவு எடத்துல பீன்ஸ் போட்டா" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் அண்ணன் தன் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். நீல நிற ஏர்மெயில் தாள்கள். எங்கள் அப்பாயி, அதாவது இங்கேயே நின்றுவிட்ட எங்கள் பாட்டி, யாரையாவது பிடித்து எழுதச் சொல்லிக் கோத்தகிரிக்குப் போட்ட கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: நான் போட்டதுக்கு ஏன் பதில் இல்லை? பெரியப்பா பதில் எழுதாமல் இருந்ததே இல்லையாம். லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது, தெரு கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கைக்காவது கிடைத்தால் உண்டு. அப்பாயி செத்துப்போன செய்தி கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இங்கே கருமாதி முடிந்து மாதங்களாகிவிட்டன. சின்னம்மா கடிதங்களை வாங்கிப் பார்த்தார், அவருக்கு வாசிக்க வராது. பேத்தி உரக்க வாசித்தாள். ஒன்றில் சின்னம்மாவைப் பற்றிக் குறை எழுதியிருந்தது. "புதுசா வந்தவ சோத்துல உப்பு போட மறக்கிறா." சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றும் கடிதம் ஆபீசுக்குத்தான் வருகிறது. பேத்தியின் பரீட்சை அனுமதி அட்டை பாடசாலைக்கு வரும், அது தப்பியது. பல்கலைக்கழகக் கடிதம் வந்தால்? "மாமா வீட்டு அட்ரஸ் குடுத்திருக்கேன் பெரியம்மா, டவுன்ல" என்றாள். யோசித்துத்தான் வைத்திருக்கிறாள்.

மைதானத்துக்கு மேலே தனிவீடுகள் வந்திருக்கின்றன. ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, ஓட்டுக் கூரை, ஒவ்வொரு வாசலிலும் ஒரு கறிவேப்பிலை. இந்திய உதவியில் கட்டியது. சின்னம்மாவின் பெயர் பட்டியலில் இருக்கிறது, வீடு அடுத்த கட்டத்தில் வருமாம். வீடு கிடைத்த ஒருவரிடம் காணி உறுதியைப் பற்றிக் கேட்டேன், இன்னும் கைக்கு வரவில்லை என்றார். அண்ணன் அங்கே நின்று தன் கதையைச் சொன்னார். பெரியப்பா வேலையிலிருந்து நின்றதும் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்களாம். அக்கா தாலிக்கொடியை விற்று, லோன் போட்டு, கோத்தகிரிக்குப் பக்கத்தில் மூன்று சென்ட் வாங்கினார்கள். "பட்டா என் பேர்ல இருக்கு" என்று அண்ணன் சொன்னபோது, சுற்றி நின்றவர்கள் அதை எப்படி வாங்கினீர்கள், எந்த ஆபீசில், எவ்வளவு செலவு என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாக அவர் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்கு ஓடுகிறார்கள், மலை காடாகிறது என்று கவலைப்படும் ஆட்களை எனக்குத் தெரியும். ஒருத்தராவது தங்கள் பிள்ளையைக் கொழுந்து எடுக்க அனுப்பினார்களா? போகிற பிள்ளைகள் போகட்டும். போகாமல் இங்கேயே நின்று, 2003 இல் சட்டம் வந்து எல்லோரும் குடிமக்கள் ஆன பிறகும், நிற்கிற மண் யாருடையது என்று தெரியாமல் சின்னம்மா வயதாகிறாரே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கூரைத் தகரம் ஒன்றை மாற்றுவதற்கு அவர் இன்னும் ஆபீசில் கேட்க வேண்டும்.

ஞாயிறு, விடிந்த பிறகு

தூக்கம் இல்லாமல் எழுதுகிறேன். நேற்று இரவு காமன் கூத்து.

மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றி, இரவிரவாக ஆடி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் வைப்பதுதான் வழக்கம். இப்போது கொழும்புக் கடைகளில் நிற்கும் பையன்கள் லீவு எடுத்து வர வசதியாகத் தகனத்தைச் சனிக்கிழமையில் வைத்துவிடுகிறார்கள். பெரியவர் ஒருவர் திதியைத் திருத்தினால் தோட்டத்துக்கு ஆகாது என்று முணுமுணுத்தார். ஆனால் பையன்கள் வந்தால்தானே ஆட்டம்? மாலையில் வானிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கினார்கள். தலைமுடிக்கு நிறம் அடித்தவர்கள், காதில் கடுக்கன் போட்டவர்கள். ஒன்பது மணிக்கு அவர்களே ரதியாகவும் மதனாகவும் தூதனாகவும் எமனாகவும் நின்றார்கள். ரதி வேசம் போட்டவன் வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை. சேலையை அவ்வளவு நறுக்கென்று கட்டியிருந்தான், தொழில் பழக்கம்.

தப்பு தொடங்கியதும் அண்ணன் எழுந்துவிட்டார். மதனுக்கும் சிவனுக்கும் தர்க்கம் நடக்கிற இடத்தில் பாட்டை முன்னடி எடுத்துச் சொல்லும் பெரியவர் ஒரு வரியில் தடுமாறினார். அண்ணன் கூட்டத்தில் நின்றுகொண்டே அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வயதில் போனவருக்கு எப்படி? கோத்தகிரியிலும் இங்கிருந்து போன சனம் வருசா வருசம் காமன் கூத்து வைத்ததாம், பெரியப்பாதான் வாத்தியார். இங்கே மறந்து போன இரண்டு மூன்று தருப் பாட்டுகள் அங்கே இருக்கின்றன. நடுச்சாமத்தில் அண்ணனை இழுத்து உள்ளே விட்டுவிட்டார்கள். முட்டி வலி என்று சொன்ன மனிதர் விடியும் வரை வட்டத்தில் நின்று பாடினார். பேத்தி போனில் பிடித்து அப்போதே கோத்தகிரிக்கு அனுப்ப, அண்ணியிடமிருந்து திரும்பிய செய்தி: மாத்திரை போட்டாரா?

நெற்றிக் கண் திறந்து மதன் எரிகிற கட்டத்தில், எரியப் போகிறவனைப் பிடித்துக்கொண்டு ரதி அழுதாள். துணிக்கடைப் பையனின் கண்மை ஒழுகிக் கழுத்து வரை வந்துவிட்டது. பெண்கள் பக்கம் யாரும் பேசவில்லை. நெருப்பு வைத்ததும் ஒரு சத்தம் எழும்பியது, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

காலையில் பையன்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

திங்கள், கிளம்பும் நாள்

அப்பாயியின் குழி புதைகாட்டில் எங்கே என்று சின்னம்மாவுக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது. வேலி ஓரம், கொய்யா மரத்தடி. புல்லைச் செதுக்கி, அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலை பாக்கு வைத்தார். கடிதக் கட்டையும் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை, பேத்தியிடம் கொடுத்துவிட்டார், பத்திரமாக வை என்று. மழை வந்தால் தாள் தாங்காது என்பது அவர் நியாயம்.

திரும்பி வந்தால் இஸ்தோப்பு முழுக்கச் சாமான். சின்னம்மாவும் பக்கத்து காம்பராக்காரர்களும் கோத்தகிரி உறவுகளுக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டர் பழம், கொரக்கா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மாசிக் கருவாடு, ஒரு பலாக்காய், எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டோரில் வாங்கிய தேயிலைத் தூள் பொட்டலங்கள். "சின்னம்மா, நான் இருக்கிறதே தேயிலைக் காட்டுல" என்று அண்ணன் சொன்னது எடுபடவில்லை. "இது நம்ம தேயில."

பலாக்காயைக் கீழே எடுத்து வைத்துவிட்டு, நான் விசயத்தை விளக்கினேன். பிளேனில் ஒரு ஆளுக்கு இருபது கிலோதான் விடுவார்கள், அதற்கு மேல் போனால் காசு.

சின்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது கிலோன்னா என்னா, ஒரு பேருதானே?" என்று சொல்லிவிட்டு, பலாக்காயைத் தூக்கித் திரும்பவும் பைக்குள் வைத்தார்.